அடுத்து வருபவருக்கு விறகு

என் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய ஊரவர்களுக்கு,

உங்களுள் ஒருவனாகப் பிறந்து, உங்கள் ஒழுங்கைகளிலேயே துவிச்சக்கர வண்டி பழகி, 28 ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து நம் ஊரைவிட்டு வந்து, இப்பொழுது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரிலே சீவிக்கும் ஒருவன் எழுதிக்கொள்ளும் மடல் இது. சந்தியில் உள்ள பழைய வழிப்போக்கர் மடத்தை இடித்துவிட்டு, அவ்விடத்திலே வெளிநாட்டில் உள்ளோரின் உதவியுடன் இரண்டு மாடியில் ஒரு மண்டபம் எழுப்ப உத்தேசித்திருப்பதாகவும், அதற்கு என் பங்கு எவ்வளவு என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்றும் நீங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. மறுமொழி எழுத மனம் ஒருப்படாமல் இரண்டு வாரம் அதை மேசைமேல் வைத்திருந்தேன். அந்த இடைவெளியில் வேல்ஸ் நாட்டு மலைப்பிரதேசத்திலே என் மகளுடன் ஒரு சிறு பிரயாணம் செய்ய நேர்ந்தது. அங்கே ஓரிரவு தங்கிய வீடொன்று நான் உங்களுக்கு எழுத வேண்டியது இன்னதென்று எனக்குத் தெளிவாக்கிற்று. ஆகையால் முதலில் அந்தப் பிரயாணத்தைச் சொல்லிப் பிறகு மடத்துக்கு வருகிறேன். பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

என்னுடைய ஐயாவிடம் ஒரு பி.எஸ்.ஏ. வண்டி இருந்ததை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதன் நெற்றியிலே மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாத்தி வைத்தாற்போன்ற முத்திரை ஒன்று இருந்தது. முன்பாரில் துவாயை மடித்துப் போட்டு, அதன்மேல் என்னை இருத்தி, சந்தைக்கும் கோயிலுக்கும் அவர் உழக்கிச் செல்வார். இறங்கியதும் நான் முதலிற் செய்வது அந்த முத்திரையை விரலால் தடவிப் பார்ப்பதுதான். இது எங்கே செய்தது என்று கேட்டால், பர்மிங்ஹாம் என்பார். அந்தச் சொல்லை ஒரு மந்திரம்போலச் சொல்லிக்கொண்டு வளர்ந்த நான், அதே நகரத்திற்கு வந்து, மோட்டார் வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, துவிச்சக்கர வண்டியை அடியோடு மறந்து கால் நூற்றாண்டு வாழ்ந்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள்தான், சர்வகலாசாலையில் சேர்ந்தபின், பழைய வண்டிகள் இரண்டை வாங்கித் தன் கையாலேயே செயினும் பிரேக்கும் மாற்றி, ஒன்றை என் முன்னே நிறுத்தி, "அப்பா, ஏறுங்கோ" என்றாள்.

நாங்கள் வேல்ஸைத் தேர்ந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. பர்மிங்ஹாம் நகரத்துக் குழாய்களில் வருகின்ற தண்ணீர், வேல்ஸ் மலைகளில் உள்ள ஈலான் பள்ளத்தாக்கின் அணைகளிலிருந்து வருவது. 1893ஆம் ஆண்டு வேலை தொடங்கி, 1904ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட அந்தக் கால்வாய், ஏறத்தாழ 118 கிலோமீட்டர் தூரத்தைப் பம்பு ஏதுமின்றி, நிலத்தின் சரிவு ஒன்றையே துணையாகக் கொண்டு கடந்து வருகிறது. மலையில் விட்ட நீர் நகரத்தை அடைய ஒன்றரை நாட் செல்லும். அந்த அணைகளுக்காகப் பள்ளிக்கூடமும் கோவிலும் வீடுகளும் நீருள் அமிழ்ந்தன. நூறு பேரளவில் தங்கள் இருப்பிடத்தை இழந்தனர். இடம்பெயர்தலின் துன்பத்தை அறிந்த நமக்கு இந்தச் செய்தி வெறும் செய்தியாக இராது. தினந்தோறும் நாம் குடிக்கும் நீருக்காக வீடிழந்தவர்களின் நாட்டை ஒருமுறையேனும் சொந்தக் காலின் வலிமையால் சென்று பார்ப்பது நம்முடைய கடமை என்று மகள் சொன்னாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

வைகாசி மாதத்து ஒரு காலையிலே, வண்டிகளையும் புகைவண்டியில் ஏற்றிக்கொண்டு, ஷ்ரூஸ்பரியில் இறங்கி, வேல்ஸின் நடுவே மெதுவாக ஊர்ந்து செல்லும் சிறு புகைவண்டிக்கு மாறி, லான்விற்றிட் வெல்ஸ் என்னும் மிகச் சிறிய பட்டணத்தை அடைந்தோம். அங்கிருந்து இர்வொன் என்னும் ஆற்றின் கரையோடு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் சென்றால் அபெர்குவெசின் என்ற குக்கிராமம். அதற்கப்பால், மேற்கே ட்ரெகாரன் என்னும் ஊர்வரை, வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த மலைச்சாலை, மாடு சாய்த்துச் செல்வோர் உண்டாக்கிய பாதை. புகைவண்டி வருவதற்கு முந்திய காலத்தில், வேல்ஸ் நாட்டு மாடுகளை இங்கிலாந்தின் சந்தைகளுக்கு நடத்திச் சென்ற அம்மனிதர்கள், நெடுந்தூரம் நடக்கும் மாடுகளுக்கு இரும்பு லாடம் அடிப்பார்களாம். வாத்துகளின் கால்களுக்குத் தார் பூசுவார்களாம். அப்படிப்பட்ட யாத்திரைக்கு இடையிடையே தங்குமிடங்கள் இருந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மலை என்பதைப் பாடப்புத்தகத்திற் கண்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு, அந்தச் சாலையிலே 'பிசாசின் படிக்கட்டு' என்று பெயர் பெற்ற ஏற்றம் எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நான்கடி முன்னே போனால் ஓரடி மேலே ஏறும் செங்குத்து அது; ஊசியிலைக் காட்டினூடே வளைந்து வளைந்து போகிறது. மகள் எழுந்து நின்று உழக்கி, இரண்டு வளைவுகளைத் தாண்டினாள். நான் முதல் வளைவிலேயே இறங்கி, சீற்றில் ஒரு கையும் கைபிடியில் ஒரு கையுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு, பத்துப் பத்து அடியாக எண்ணி ஏறினேன். தள்ளும்போது வண்டியின் சங்கிலி மெல்லக் கிணுகிணுக்கும் ஒலியைக் கேட்டேன். சுண்ணாகத்துச் சந்தையிலிருந்து வெங்காய மூட்டையைக் கரியரிலே கட்டி, மழையில் ஊறிய ஒழுங்கையால் தள்ளிக்கொண்டு வருகின்ற ஐயாவின் வண்டியும் இதே ஒலியைத்தான் எழுப்பும். உச்சியிலே நின்று திரும்பிப் பார்த்தபோது, மரமற்ற புல்வெளி மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடல் அலைபோலக் கிடந்தன. வாற் பிளவுடைய சிவந்த பருந்தொன்று எங்களுக்குக் கீழே வட்டமிட்டது. பிரித்தானியா முழுவதிலும் அற்றுப்போகும் நிலையிலிருந்த அந்தப் பறவையினம், இந்தப் பள்ளத்தாக்குகளிலே எஞ்சியிருந்த சில சோடிகளைக் கொண்டே வேல்ஸில் மறுபடியும் பெருகிற்று என்று அறிந்தபோது, ஒதுக்குப்புறமான இடங்கள் உலகத்துக்குச் செய்யும் உபகாரம் எத்தகையது என்பதை எண்ணிக்கொண்டேன்.

டவி என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கிலே இறங்கி, தார்ச்சாலையை விட்டுக் கற்கள் பரந்த தடமொன்றில் வண்டிகளை உருட்டிச் சென்று, நாங்கள் அடைந்த வீட்டின் பெயர் டொல்கோக். பழைய கமக்காரர் வீடு, தடித்த கற்சுவர், சிறிய சாளரங்கள். மின்சாரக் கம்பி அந்தப் பள்ளத்தாக்கை எட்டவில்லை, கைத்தொலைபேசியும் மௌனமாகிவிட்டது. வாசலில் எங்களை வரவேற்றவர் தலை முழுவதும் நரைத்த ஓர் அம்மையார். விடுதிக் காவலராகச் சில நாட்களை இலவசமாகக் கொடுக்க முன்வந்து, தம் ஊரிலிருந்து வந்திருந்தவர். பெயரைக் கேட்டு ஒரு கொப்பியிலே பதிந்தபின், அவர் எங்களுக்குக் காட்டிய முதற் பொருள் படுக்கையன்று, விறகுப் பெட்டி. "இன்றிரவு நீங்கள் எரிக்கப்போகும் விறகு, நேற்றுத் தங்கியவர்கள் பிளந்து வைத்தது, நாளைக் காலை நீங்கள் போகும்போது இந்தப் பெட்டி இதேபோல நிறைந்திருக்க வேண்டும், வேறு சட்டம் இந்த வீட்டில் அதிகமில்லை" என்றார்.

அன்று மாலை, குளிரில் விறைத்த விரல்களை இரும்பு அடுப்பின் முன்னே நீட்டிக்கொண்டு, முன்பின் அறியாத எட்டுப் பேர் ஒரே மேசையிலே இருந்தோம். நடந்து வந்த வயோதிபத் தம்பதிகள், இரண்டு மாணவர், தனியாக வண்டியில் வந்த ஒரு தச்சர். பொதுச் சமையலறையிலே நாங்கள் பருப்பும் சோறும் ஆக்கினோம். ஒரு கரண்டி மிளகாய்த்தூள் இட்ட அந்தப் பருப்பைத் தச்சர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார். தாம் கொண்டுவந்த பாற்கட்டியை வெட்டி எங்கள் பாத்திரத்தில் வைத்தார். உண்டபின் எவரும் எவருக்கும் சொல்லாமலே ஒருவர் பாத்திரம் கழுவ, ஒருவர் துடைக்க, ஒருவர் மேசையைத் துப்புரவாக்கினார். அங்கே எசமானும் இல்லை, வேலையாளும் இல்லை. நித்திரைக்குப் போகுமுன் வெளியே வந்து நின்றேன். ஆற்றின் இரைச்சலைத் தவிர வேறு ஓசை இல்லை. மின்விளக்கின் ஒளி எங்குமே படாத வானத்தில், போர்க்காலத்து யாழ்ப்பாண இரவுகளின்பின் நான் கண்டிராத அத்தனை நட்சத்திரங்களும் நிறைந்திருந்தன.

இத்தகைய வீடுகள் எப்படி உண்டாயின என்பதை நீங்கள் அறிவது நல்லது. 1909ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே, ஜெர்மனி தேசத்துப் பள்ளி ஆசிரியராகிய ரிச்சர்ட் ஷிர்மான் என்பவர் தம் மாணவரை நடைப்பயணமாக அழைத்துச் சென்றபோது, இடியும் மழையுமாகப் புயல் வந்துவிட, வழியிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்திலே வைக்கோல் பரப்பி அந்த இரவைக் கழித்தார். பிள்ளைகள் நித்திரையாயிருக்க, விடுமுறைக் காலத்தில் வெறுமையாகக் கிடக்கும் பள்ளிக்கூடங்களெல்லாம் வழிநடக்கும் இளைஞருக்குத் தங்குமிடமானால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1912ஆம் ஆண்டு ஆல்ட்டெனாவிலுள்ள பழங்கோட்டையிலே முதல் நிரந்தர விடுதி திறக்கப்பட்டது. 1930ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இளையோர் விடுதிச் சங்கம் தோன்றியது. சரித்திர ஆசிரியர் ஜி. எம். டிரெவெல்யன் அதன் முதல் தலைவர். ஆலைப் புகையிலே வாரம் முழுவதும் உழைக்கும் ஏழைப் பிள்ளைகள், ஓர் இரவுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து, மலையையும் ஆற்றையும் கண்டு திரும்ப வேண்டும் என்பதே நோக்கம். கால்நடையாகவோ துவிச்சக்கர வண்டியிலோ, தன் உடல் முயற்சியால் வருபவருக்கே அக்காலத்தில் இடம் இருந்தது. மோட்டார் வண்டியில் வருபவருக்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை. தங்குபவர் ஒவ்வொருவரும் கூட்டுதல், கழுவுதல், தண்ணீர் கொணர்தல் என்று ஒரு சிறு வேலையைச் செய்துவிட்டே புறப்பட வேண்டியிருந்தது. பத்து ஆண்டு நிறைவதற்குள் அத்தகைய விடுதிகள் ஏறத்தாழ 300 ஆயின.

காலம் மாறியது, சௌகரியத்தில் ஆசை வளர்ந்தது, தொலைதூரத்துச் சிறு விடுதிகளை நடத்துவது சங்கத்துக்குப் பாரமாயிற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே டொல்கோக் வீடும், மலைக்கு அப்பாலுள்ள டின் கோர்னெல் வீடும் மூடப்பட இருந்தபோது, அவற்றை நேசித்த சிலர் ஒன்றுகூடி, எலெனித் வனவிடுதிகள் என்ற பெயரில் ஒரு தருமநிதியம் அமைத்துப் பொறுப்பேற்றனர். கூரை திருத்துவதும், சுவருக்குச் சாயம் பூசுவதும், காவலராக இருப்பதும் எல்லாம் தொண்டர்களின் கைங்கரியமே. புதுமாடி கட்டவில்லை, பளிங்கு பதிக்கவில்லை. அந்த வீட்டின் எளிமையே அதைக் காப்பாற்றிற்று என்று நினைக்கிறேன். ஏனெனில் எளிமையான வீட்டைத்தான் தங்குபவரின் சிறு வேலை தாங்கி நிறுத்த முடியும்.

மறுநாட் காலை, விறகுப் பெட்டியை நிரப்புவதற்காகக் கோடரியை எடுத்தபோது, மகள் பக்கத்தில் நின்று கேட்டாள்: "அப்பா, ஊரில் இப்படி வீடு இருந்ததில்லையா?" நான் கோடரியைக் கீழே வைத்துவிட்டேன். பருத்தித்துறையில் தெருவின் மேலேயே கற்கூரையிட்டு, வழிப்போக்கர் நிழலுக்கு ஒதுங்குவதற்கு இரு புறமும் திண்ணையமைத்து நிற்கும் தெருமூடிமடத்தைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றித் தாமே இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கான சுமைதாங்கிகளையும், அவற்றுட் பல, பிள்ளையை வயிற்றிற் சுமந்தபடியே இறந்துபோன பெண்களின் நினைவாக நாட்டப்பட்டவை என்பதையும் சொன்னேன். மாடுகள் தினவு தீர உரோஞ்சுவதற்கென்றே கல் நட்டு, அவை நீரருந்தக் கேணியும் தொட்டியும் கட்டி, மனிதருக்கு மடமும் அமைத்த நம் முன்னோரின் மனத்தைச் சொன்னேன். செல்வச்சந்நிதியிலே தொடங்கிக் கதிர்காமம் வரை நடந்து செல்லும் யாத்திரிகர்கள், வழிநெடுக அறியாதவர் அளிக்கும் அன்னத்தை உண்டு, கோயில் மண்டபங்களிலும் மடங்களிலும் படுத்தெழும்பிப் போவதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டபின் அவள், "அப்படியானால் நாங்கள் ஏன் இத்தனை தூரம் வந்து இதைப் படிக்கிறோம்?" என்றாள்.

அந்தக் கேள்வியே என்னை இந்த மடலை எழுத வைத்தது. ஊரவர்களே, நம் மடத்தின் நிலையை நான் அறிவேன். ஓட்டுக்கூரை ஒரு பக்கம் சரிந்துவிட்டது, கேணியிலே பாசி, கதவுக்குப் பூட்டு, திறப்பு யாரிடம் இருக்கிறதென்பதே பலருக்குத் தெரியாது. இந்தக் குறை உங்களுடையது மாத்திரமன்று. நாங்கள் இங்கிருந்து பணத்தை அனுப்பினோம், பெயர்ப்பலகைக்குப் பெயரை அனுப்பினோம், கையை அனுப்பவில்லை. அதனாலே ஊரில் எழுந்த பல கட்டடங்கள், திறப்புவிழா அன்று மாலையோடும் வாழையோடும் விளங்கி, மறுநாள் பூட்டப்பட்டு, விழா நாட்களைத் தவிர மனித மூச்சுப் படாமல் நிற்கின்றன. தூரத்துப் பணம் எழுப்பிய கட்டடத்தைத் தூரத்துப் பணமே கூட்டித் துடைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பணம் ஒரு தலைமுறைக்குமேல் வராது. எங்கள் பிள்ளைகள் ஊரை அறியாமல் வளர்ந்தால், அவர்கள் எதற்காக அனுப்புவார்கள்?

இன்னும் ஒன்றை உங்களுக்கு ஞாபகப்படுத்த விரும்புகிறேன். 1995ஆம் ஆண்டு ஐப்பசியிலே, வலிகாமத்துச் சனங்கள் ஒரே இரவில் எழும்பி, நாவற்குழிப் பாலத்தால் அங்குலம் அங்குலமாக நகர்ந்து தென்மராட்சிக்குப் போன அன்று, நாமும் போனோம். எரிபொருளுக்குத் தடையிருந்த காலம். ஐயாவின் வண்டியிலே கரியரில் அரிசி மூட்டையும், பாரிலே தங்கச்சியும், கைபிடியில் பானை சட்டிகளும் தொங்க, நான் தள்ளினேன். விடியும் வேளையில் எங்களுக்கு இடம் கொடுத்தது, யாரோ எவரோ எந்தக் காலத்திலோ கட்டிவைத்த ஒரு மடத்துத் திண்ணை. அங்கே மூன்று நாள் இருந்தோம். நாலாம் நாள், உறவினர் வீட்டிலே இடம் கிடைத்துப் புறப்படும்போது, அம்மா ஒரு விளக்குமாற்றைத் தேடி எடுத்து, அந்தத் திண்ணையை மூலை முடுக்கு விடாமற் கூட்டி, கிணற்றிலே தண்ணீர் அள்ளிக் குடத்தை நிரப்பி, மூடிவைத்தார். வீடே போய்விட்டது, யாருடையதோ இந்த மடத்தைக் கூட்டி என்ன ஆகப்போகிறது என்று நான் பொறுமையிழந்து கேட்டேன். "எங்களுக்குப் பிறகும் சனம் வரும் அல்லோ" என்றார். அம்மா இப்போது இல்லை. டொல்கோக் வீட்டின் முற்றத்திலே விறகைப் பிளந்துகொண்டு நின்ற அந்தக் காலையில்தான், அவர் அன்று செய்தது இன்னதென்று எனக்கு விளங்கியது.

ஆகையால் என் பணிவான விண்ணப்பம் இது: மடத்தை இடிக்காதீர்கள். சரிந்த கூரையை உள்ளூர்த் தச்சரையும் மேசன்மாரையும் கொண்டு திருத்துங்கள், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுங்கள், கேணியை இறையுங்கள். பத்துப் பாய், ஓர் அடுப்பு, நாலு பானை, ஒரு விளக்கு, துவிச்சக்கர வண்டி சாத்த ஒரு தாழ்வாரம், காற்றடிக்க ஒரு பம்பு, ஒட்டுப் போடுவதற்கு வேண்டிய சாமான்கள், பெயர் பதிய ஒரு கொப்பி, இவை போதும். யாத்திரை செல்வோரும், தீவுப்பகுதியையும் வன்னியையும் வண்டியிலே சுற்றிப் பார்க்க வரும் பிள்ளைகளும், சாதியும் சமயமும் கேட்கப்படாமல் அங்கே தங்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்லுகிறேன். ஏனெனில் பழைய மடங்கள் எல்லாருக்கும் ஒரேவிதமாகத் திறந்திருக்கவில்லை என்பதையும், அந்தப் பாவத்தை நாம் மறுபடி கட்டக்கூடாது என்பதையும் நீங்களும் அறிவீர்கள். காவல் வேலையை வாரத்துக்கு ஒரு வீடாக மாறி ஏற்றுக்கொள்ளுங்கள். நம் பள்ளிக்கூடத்து உயர்தர வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கொருமுறை வண்டியிலே கூட்டிக்கொண்டு போய், வேறோர் ஊர் மடத்திலே தங்கவைத்து, அந்த மடத்தைக் கூட்டிக் கழுவிவிட்டு வரச் செய்யுங்கள். புத்தகம் சொல்லாத நாகரிகம் அதிலே கைகூடும்.

மண்டபத்துக்கு என் பங்கை நான் அனுப்பப் போவதில்லை. மடத்தின் கூரைக்கு வேண்டிய மரத்துக்கும் ஓட்டுக்கும் என் பங்கைத் தருவேன். என் பெயரை எங்கும் எழுத வேண்டாம். வருகின்ற தை மாதத்திலே மகளும் நானும் வருகிறோம். பலாலியில் இறங்கி ஊருக்கு வண்டியிலேயே வருவதாக அவள் தீர்மானித்துவிட்டாள். உறவினர் வீடுகளிலே எங்களுக்குக் கட்டில் ஆயத்தம் செய்ய வேண்டாம். மடத்துத் திண்ணையிலே படுக்கிறோம். பத்து நாளும் சுண்ணாம்பு குழைக்கவும் ஓடு தூக்கிக் கொடுக்கவும் எங்களுக்கு வேலை தாருங்கள். திரும்பிப் போகும் நாளிலே அந்தத் திண்ணையைக் கூட்டி, குடத்தை நிரப்பி, அடுப்படியிலே விறகு அடுக்கிவிட்டுப் போவோம். அதற்கிடையில் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: திறப்பு யாரிடம் இருக்கிறதென்று தேடிக் கண்டுபிடித்து, மடத்துக் கதவைத் திறந்துவையுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் ஊரவன்,
பர்மிங்ஹாமிலிருந்து.